கழுத்துக் குழாய் 70% அடைப்பெண்டா மூளை ரத்த ஓட்ட ஸ்கேன் உடன எடுக்கணுமா?

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். திருகோணமலை உப்புவெளியில இருக்கிற உங்கட அப்பாவுக்கு 66 வயசு, சீனி வருத்தமும் பிறஷரும் இருக்கு, போன கிழமை ரெண்டு தரம் வலக்கை விறைச்சு தேத்தண்ணிக் கோப்பையப் பிடிக்க ஏலாமப் போய் பத்துப் பதினஞ்சு நிமிசத்தில தானாச் சரியாயிட்டு, தலைக்கு சீ.டி. ஸ்கேன் எடுத்ததில ஒண்டுமில்லையாம், ஆனா கழுத்து டொப்ளர்ல, அதாவது ஒலி அலையால ரத்தம் ஓடுறதப் பாக்கிற ஸ்கேன்ல, இடப்பக்கம் 70 வீதத்துக்கு மேல அடைப்பு, வலப்பக்கம் 40 வீதம் எண்டு ரிப்போட் வந்திருக்கு. மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சிட்டுதா எண்டு பாக்கிற ஸ்கேன் ஒண்டு இருக்காம், அதுக்கு அடுத்த மாசம் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போகப் போறம், எது நல்லம் எண்டு கேட்டிருக்கீங்க.

நான் டொக்டர் இல்ல, இருபது வருசத்துக்கு மேல சீ.டி. ரூமில ரேடியோகிராபரா வேலை செஞ்ச ஆள், அதனால ஸ்கேன்களப் பத்தி விரிவாவே சொல்லுறன். ஆனா அதுக்கு முதல் அந்த "அடுத்த மாசம்" எண்டத விட்டுடுங்க. இந்தப் பதில வாசிச்சு முடிச்ச கையோட டொப்ளர் ரிப்போட்டையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அப்பாவ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, போய் "ஒரு கிழமைக்குள்ள ரெண்டு தரம் வலக்கை விறைச்சது, இடப்பக்கக் கழுத்துக் குழாய் 70 வீதத்துக்கு மேல அடைச்சிருக்கு" எண்டு ஒரே வசனத்தில சொல்லுங்க, அத மட்டும் சொன்னாலே கேக்கிற டொக்டருக்கு எவ்வளவு அவசரம் எண்டு விளங்கும்.

ஏன் இப்பிடி அவசரப்படுத்துறன் எண்டா, இடப்பக்கக் கழுத்துக் குழாய் போய்ச் சேருறது இடப்பக்க மூளைக்கு, அந்த மூளைதான் வலக்கையையும் வலக்காலையும், அனேகமான ஆக்களுக்குப் பேச்சையும் பாத்துக்கொள்ளுது. அப்ப அப்பாட வலக்கையும் இடப்பக்க அடைப்பும் சரியாப் பொருந்துது. இப்பிடிப் பொருந்தினா அத அறிகுறி காட்டின அடைப்பு எண்டுதான் எடுப்பாங்க, சும்மா செக்கப்பில தற்செயலாக் கண்டுபிடிச்ச 70 வீதமும் இதுவும் ஒண்டில்ல. பத்து நிமிசத்தில சரியாப் போறத டிஐஏ எண்டு சொல்லுறது, பாரிசவாதத்துக்கு முன்னால வாற எச்சரிக்கை, பெரிசா வாற ஆபத்து கூடுதலா இருக்கிறது முதல் ரெண்டு நாளும் பிறகு முதல் ரெண்டு கிழமையும்தான். ஒப்பரேஷன் செய்யிறதெண்டாலும் அறிகுறி வந்து ரெண்டு கிழமைக்குள்ள செய்தா வாற பிரயோசனம் பிந்தப் பிந்தக் குறைஞ்சுகொண்டு போகும். தம்பலகாமத்தில எங்கட பெரியப்பாக்கு ஒரு நாள் வயல்ல வச்சு வாய் கோணி கதை குழறி, தண்ணி குடிச்சுப் படுத்து எழும்பச் சரியாயிட்டு, வெயில் பிடிச்சிட்டு எண்டு வீட்டாக்களும் விட்டாங்க, நாலாம் நாள் விடியக் கட்டில்ல இருந்து எழும்ப ஏலாமப் போயிட்டு. அதுக்குப் பிறகு ஆறு வருசம் அவர் ஒரு முழு வசனம் பேசல்ல. அது மனசுல இருக்கிறதாலதான் அடுத்த மாசம் எண்டத வாசிச்ச உடன எனக்குப் பதறிட்டு.

சரி, இப்ப ஸ்கேனுக்கு வாறன். கழுத்துக் குழாய் அடைப்பால மூளைக்குக் கேடு வாறதுக்கு ரெண்டு வழி இருக்கு, இத விளங்கினா மிச்சமெல்லாம் தானா விளங்கும். ஒண்டு, குழாய் ரெண்டாப் பிரியிற இடத்தில, அதாவது குரல்வளைக்குப் பக்கத்தில தாடைக்குக் கீழ, கொழுப்புப் படிஞ்சு கரடுமுரடாகி, அதில இருந்து சின்னத் துண்டோ ரத்தக் கட்டியோ பிஞ்சு மேல போய் மூளைக்குள்ள ஒரு சின்னக் குழாய அடைக்கிறது. மற்றது, குழாய் ஒடுங்கி ஒடுங்கி உண்மையாவே ரத்தம் காணாமப் போறது. சனம் நினைக்கிறது ரெண்டாவதத்தான், அடைப்பு எண்டாலே ரத்தம் போகல்ல எண்டு. ஆனா கழுத்து அடைப்பால வாற பாரிசவாதத்தில பெரும்பங்கு முதலாவது வழியாலதான் வருது. ரத்த ஓட்டம் அளக்கிற ஸ்கேன், இங்கிலிசில பெர்பியூஷன் எண்டு சொல்லுறது, ரெண்டாவதத்தான் காட்டும். அப்ப அந்த ஸ்கேன் "ஓட்டம் நல்லா இருக்கு" எண்டு வந்தாக்கூட அப்பாட கழுத்தில இருந்து நாளைக்கு ஒரு துண்டு பிஞ்சு போகாது எண்டு அது சொல்லாது, நீங்க அத நம்பி நிம்மதியா இருந்திடக் கூடாது எண்டதுதான் என்ட பயம்.

குழாய் 70 வீதம் ஒடுங்கியும் மூளைக்கு ஓட்டம் எப்பிடி நல்லா இருக்கும் எண்டு கேப்பீங்க. கந்தளாய்க் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஆக்களுக்கு இது லேசா விளங்கும். வாய்க்கால்ல மண் விழுந்து தண்ணி மெதுவா வருது எண்டா வயல்காரன் என்ன செய்வான், வக்கடைய, அதாவது வரம்பில தண்ணி விடுற வாய, அகலமா வெட்டி விடுவான், பக்கத்து வயலோட வரம்ப வெட்டி அங்கால இருந்தும் கொஞ்சம் எடுப்பான். பாத்தா அவன்ட வயலும் மற்ற வயல் மாதிரித்தான் நனைஞ்சிருக்கும், வித்தியாசம் என்னெண்டா தண்ணி வந்து சேர நேரம் எடுக்கும், வக்கடையெல்லாம் ஏற்கனவே முழுசாத் திறந்திருக்கும். மூளையும் இதேதான் செய்யுது. கழுத்தில ஓட்டம் குறைஞ்சா மூளைக்குள்ள இருக்கிற நுண் குழாய்கள் விரிஞ்சு குடுக்கும், மூளையின்ட அடியில குழாய்கள் ஒண்டோடொண்டு கோத்து ஒரு வளையம் இருக்கு, 1664ல தோமஸ் வில்லிஸ் எண்ட இங்கிலாந்து டொக்டர் எழுதி வச்சதால வில்லிஸ் வளையம் எண்டு பேர், அது வழியா மற்றப் பக்கத்தில இருந்தும் பிடரிப் பக்கத்தில இருந்தும் ரத்தம் வந்து சேரும். எல்லாருக்கும் இந்த வளையம் முழுசா இருக்கிறதில்ல, அதாலதான் ஒராளுக்கு ஒரு பக்கம் நூறு வீதம் அடைச்சும் ஒண்டும் தெரியாம நடமாடுறார், இன்னொராளுக்கு 80லயே கஷ்டம் வருது.

கணக்கில சொல்லுறதெண்டா மூளையில 100 கிராமுக்கு நிமிசத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் ரத்தம் போறது வழமை. அது 20 அளவுக்கு இறங்கினா அந்த இடத்து மூளை வேலை செய்யாது ஆனா உயிரோட இருக்கும், 10க்குக் கிட்டப் போனா சாகத் தொடங்கிடும். முதல்ல குழாய்கள் விரிஞ்சு ஓட்டத்த 50லயே பிடிச்சு வச்சிருக்கும். விரியிறதுக்கு இனி இடமில்ல எண்டு வந்த பிறகு ஓட்டம் குறையும், அப்ப மூளை வாற ரத்தத்தில இருந்து ஒட்சிசன வழமைய விடக் கூட உறிஞ்சி எடுத்துச் சமாளிக்கும், சேத்துக்குள்ள கிடக்கிற ஈரத்த நெல்லு உறிஞ்சிற மாதிரி. அதுவும் முடிஞ்சாத்தான் சேதம். ஒவ்வொரு ஸ்கேனும் இந்தப் படியில எந்தப் படிய அளக்குது எண்டதில மட்டும்தான் வித்தியாசம்.

சீ.டி. பெர்பியூஷன் எண்டா கை நரம்பில நல்ல தடிச்ச கனூலா ஒண்டு போட்டு, அயடீன் கலந்த மருந்து 40, 50 மில்லி வேகமா ஏத்தி, மூளையின்ட அதே இடத்த ஒரு நிமிசம் அளவுக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறது. மருந்து எப்ப வந்து சேருது, எவ்வளவு சேருது, எவ்வளவு நேரம் தங்கிப் போகுது எண்டத கம்பியூட்டர் கணக்குப் பாத்து கலர்ப் படமாத் தரும். ஓட்டம் ஒரு படம், ரத்தக் கொள்ளளவு ஒரு படம், கடக்கிற நேரம் ஒரு படம். கழுத்து அடைப்பில வழமையாக் காணுறது ஓட்டம் ஏறத்தாழச் சரி, கொள்ளளவு சரி இல்லாட்டி கொஞ்சம் கூட, நேரம் மட்டும் நீண்டிருக்கும், வக்கடை திறந்திருக்கு எண்ட அர்த்தம். மருந்து ஏறேக்க உடம்பெல்லாம் சூடாகும், சலம் போன மாதிரி ஒரு உணர்வு வரும், அது ஒண்டுமில்ல எண்டு அப்பாட்ட முதலே சொல்லி வையுங்க, பயந்து தலைய ஆட்டினா படம் பழுதாப் போகும். ஒரே இடத்தில திரும்பத் திரும்ப எடுக்கிறதால கதிர் அளவு சாதாரண தலை சீ.டி.ய விடக் கூட, அதனால தேவையில்லாம எடுக்கிற ஸ்கேன் இல்ல இது.

இன்னொண்டு, ரிப்போட்டோட வாற அந்தக் கலர்ப் படங்களப் பாத்து வீட்டாக்கள் சிவப்பக் கண்டு அழுதத நான் கனதரம் கண்டிருக்கிறன். நேரப் படத்தில சிவப்பெண்டா பிந்துது எண்டு அர்த்தம், ஓட்டப் படத்தில அதே சிவப்பெண்டா நல்லா ஓடுது எண்டு அர்த்தம், நீலம்தான் குறைவு. மெஷினுக்கு மெஷின் கலரும் மாறும். கலரப் பாத்து நீங்களா முடிவெடுக்க வேணாம். பழைய கழுத்து அடைப்பு இருக்கிற ஆளுக்கு மருந்து எப்பவுமே பிந்தித்தான் போய்ச் சேரும், அது தெரியாமப் பாத்தா இப்பதான் பாரிசவாதம் தொடங்கின மாதிரி படம் காட்டும், அதால கழுத்துப் படத்தையும் பக்கத்தில வச்சுத்தான் வாசிக்கணும். மற்றது இந்தப் படமெல்லாம் கெட்ட பக்கத்த நல்ல பக்கத்தோட ஒப்பிட்டு வாசிக்கிறது, ரெண்டு பக்கமும் கடுமையா அடைச்ச ஆளுக்கு ஒப்பிட நல்ல பக்கமே இல்ல, இருதயம் பலவீனமான ஆளுக்கு ரெண்டு பக்கமும் பிந்தும்.

எம்ஆர்ஐயில ரெண்டு விதம். ஒண்டு கடோலினியம் மருந்து ஏத்தி எடுக்கிறது, சீ.டி. மாதிரியேதான், கதிர் மட்டும் இல்ல. மற்றது ஏஎஸ்எல் எண்டு சொல்லுறது, ஊசியே இல்லாம, கழுத்தில ரத்தம் மேல போகேக்க அந்த ரத்தத்தில இருக்கிற தண்ணிக்கு ரேடியோ அலையால ஒரு அடையாளம் போட்டு, ரெண்டு செக்கன் அளவு பொறுத்து அது மூளையில எங்க வந்து சேந்திருக்கு எண்டு பாக்கிறது. கேக்க நல்லாத்தான் இருக்கு, கிட்னிக்கும் பயமில்ல, ஆனா கழுத்து அடைப்பு இருக்கிற ஆளுக்கு அந்த ரெண்டு செக்கனுக்குள்ள ரத்தம் வந்து சேராது, வழியில குழாய்க்குள்ளயே நிக்கும், படத்தில மூளை கறுப்பாவும் குழாய் மட்டும் பளிச்செண்டும் தெரியும். அது ஓட்டம் இல்ல எண்டில்ல, பிந்தி வருது எண்டுதான். பொறுக்கிற நேரத்தக் கூட்டி எடுக்கலாம், இத வாசிக்கத் தெரிஞ்ச ஆள் வாசிக்கணும்.

எம்ஆர்ஐயப் பத்தி நம்மட பக்கத்து ஆக்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒண்டு இருக்கு. திருகோணமலையில, மூதூர்ப் பக்கம், யுத்த காலம் செல் வெடிச்ச இரும்புத் துண்டு பட்டு அது உடம்புக்குள்ளயே கிடக்கிற ஆக்கள் எத்தினையோ பேர், முப்பது வருசமா ஒண்டும் செய்யல்ல எண்டு மறந்தே போயிருப்பாங்க. எம்ஆர்ஐ ஒரு பெரிய காந்தம். இரும்புத் துண்டு கண்ணுக்குப் பக்கத்தில, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில, பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில கிடந்தா அது அசைஞ்சு பெரிய ஆபத்து வரும். அப்பாட்ட நல்லா விசாரிங்க, சந்தேகமெண்டா முதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லி நீங்களே வாய் திறந்து சொல்லுங்க. வெல்டிங் வேலை செஞ்சு கண்ணில இரும்புத் தூள் பட்டிருந்தாலும், பேஸ்மேக்கர் இருந்தாலும் அப்பிடித்தான்.

சாதாரண எம்ஆர்ஐயே அப்பாக்குப் பெரிய உதவி செய்யும், அதில டிஃப்யூஷன் எண்டு ஒரு படம் இருக்கு, புதுசாச் செத்த மூளை வெள்ளைப் புள்ளியாத் தெரியும். டிஐஏ வந்து சரியாப் போன ஆக்களில ஏறத்தாழ மூண்டில ஒரு பங்கு ஆக்களுக்கு இந்தப் புள்ளி இருக்கும், சீ.டி.யில அது தெரியாது, அப்ப "சீ.டி. நோர்மல்" எண்டதக் கேட்டு ஆறுதல்பட வேணாம். புள்ளிகள் எங்க விழுந்திருக்கு எண்டதும் கதை சொல்லும். மேற்பரப்பில சிதறிக் கிடந்தா துண்டு பிஞ்சு போயிருக்கு, ரெண்டு குழாயின்ட எல்லையில, வாய்க்கால்ட கடைசி வயல் மாதிரி இடத்தில, மணி கோத்த மாதிரி வரிசையா விழுந்திருந்தா ஓட்டம் காணாமப் போயிருக்கு எண்டு சந்தேகப்படலாம்.

ஸ்பெக்டும் பெட்டும் அணு மருந்து ஏத்தி எடுக்கிற ஸ்கேன். ஸ்பெக்டில அசிட்டசோலமைட் எண்ட மருந்து 1 கிராம் நரம்பில ஏத்துவாங்க, அது மூளைக் குழாய்கள விரியச் சொல்லி உத்தரவு போடும். நல்ல பக்கம் விரிஞ்சு ஓட்டம் கூடும், ஏற்கனவே முழுசா விரிஞ்சிருக்கிற பக்கம் இனி விரிய ஏலாது, சில நேரம் உள்ள ஓட்டமும் நல்ல பக்கத்துக்கு இழுபட்டுப் போகும். கையிருப்பு எவ்வளவு எண்டு பாக்கிற சோதினை அது. இதையே ஊசியில்லாம, மூச்ச அடக்கச் சொல்லி நெத்திப் பொட்டில டொப்ளர் வச்சும் ஓரளவு பாக்கலாம், வயசான சில பேருக்கு அந்த எலும்பு தடிப்பெண்டா ஒலி உள்ள போகாது. பெட்தான் மூளை எவ்வளவு ஒட்சிசன உறிஞ்சுது எண்டு நேராக் காட்டுறது, ஆனா அதுக்குத் தேவையான ஒட்சிசன் 15 ரெண்டு நிமிசத்தில பாதியாயிடும், செய்யிற மெஷின் பக்கத்து ரூமில இருந்தாத்தான் எடுக்கலாம், உலகத்திலயே கொஞ்ச இடத்திலதான் செய்யிறாங்க, உங்களுக்குத் தேவையும் இல்ல.

இவ்வளவு நுணுக்கமா ஓட்டத்த அளந்தும் வைத்தியம் எவ்வளவு தூரம் மாறுது எண்டதுக்கு ஒரு ஆய்வு சொல்லுறன். அமெரிக்காவில கொஸ் எண்டு ஒண்டு, 2011ல முடிவு வந்தது, கழுத்துக் குழாய் நூறு வீதம் அடைச்ச ஆக்களில, பெட்ல ஓட்டம் உண்மையாவே காணாது எண்டு நிரூபிச்ச ஆக்கள மட்டும் எடுத்து, ஒரு பாதிக்கு மண்டைக்கு வெளியில இருக்கிற குழாய உள்ள குழாயோட தைச்சு பைபாஸ் செஞ்சாங்க, மற்றப் பாதிக்கு மருந்து மட்டும். ரெண்டு வருசத்தில அடைச்ச பக்கம் பாரிசவாதம் வந்த கணக்கு பைபாஸ் செஞ்ச ஆக்களுக்கு 21 வீதம், மருந்து மட்டும் எடுத்த ஆக்களுக்கு 22.7 வீதம், ஒப்பரேஷன் செஞ்சு முதல் 30 நாளுக்குள்ளயே 14.4 வீதம் பேருக்கு வந்திட்டு. படத்தில ஓட்டம் கூடினதுதான், ஆனா ஆக்களுக்குப் பிரயோசனம் வரல்ல.

அதே நேரம் அப்பாவ மாதிரி ஆக்களுக்கு, அறிகுறி வந்து 70இல இருந்து 99 வீதம் ஒடுங்கி முழுசா அடைக்காம இருக்கிற ஆக்களுக்கு, கழுத்தத் திறந்து கொழுப்ப வழிச்சு எடுக்கிற ஒப்பரேஷன் பெரிய வித்தியாசம் காட்டியிருக்கு. 1991ல வந்த நாசெட் எண்ட வட அமெரிக்க ஆய்வில ரெண்டு வருசத்துக்குள்ள அந்தப் பக்கம் பாரிசவாதம் வந்தது மருந்து மட்டும் எடுத்த ஆக்களில 26 வீதம், ஒப்பரேஷன் செஞ்ச ஆக்களில 9 வீதம். அந்த ஆய்வுக்கு ஆக்களத் தெரிஞ்சது குழாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கு, அறிகுறி எந்தப் பக்கம் எண்டு பாத்துத்தான், மூளை ரத்த ஓட்ட ஸ்கேன் பாத்து இல்ல. இப்ப மருந்துகள் அந்தக் காலத்த விட நல்லம், கணக்கும் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனா அப்பாட நிலைமையில ஒப்பரேஷனா மருந்தா எண்டு வஸ்குலர் சேர்ஜன், அதாவது ரத்தக் குழாய் ஒப்பரேஷன் செய்யிற டொக்டர் ஒராள் கெதியாப் பாத்து முடிவெடுக்கணும்.

அந்த முடிவுக்கு அடுத்ததாத் தேவைப்படுற ஸ்கேன் கழுத்து, தலை சீ.டி. அஞ்சியோகிராம், மருந்து ஏத்தி ரத்தக் குழாய்களப் படம் பிடிக்கிறது. நெஞ்சில இருந்து உச்சி வரைக்கும் சில செக்கன்ல எடுத்திடலாம், டொப்ளர் சொன்ன 70 உண்மையா எண்டு உறுதிப்படுத்தும், வில்லிஸ் வளையம் முழுசா இருக்கா எண்டும் காட்டும். டொப்ளர் எண்டது ஆள் கையால பிடிச்சு அளக்கிறது, ரத்தம் செக்கனுக்கு 230 சென்ரிமீற்றருக்கு மேல பாஞ்சா 70 வீதத்துக்கு மேல எண்டு எடுக்கிறது, அதனால ஒப்பரேஷனுக்கு முதல் இன்னொரு படம் கேப்பாங்க. வீதம் அளக்கிறதிலயும் ரெண்டு முறை இருக்கு, ஐரோப்பிய முறையில 85 எண்டு வாறது நாசெட் முறையில ஏறத்தாழ 70தான். ரெண்டு இடத்தில ரெண்டு விதமா எழுதினா ஆளாள் பிழை எண்டு சண்டை பிடிக்காம எந்த முறை எண்டு கேளுங்க.

பெர்பியூஷன் ஸ்கேன டொக்டர் தானாக் கேக்கிற சந்தர்ப்பமும் இருக்கு, அப்பிடிக் கேட்டா தாராளமா எடுங்க. பாரிசவாதம் வந்து நேரம் பிந்திக் கொண்டு போன ஆளுக்கு, ரத்தக் கட்டிய எடுத்தா இன்னும் எவ்வளவு மூளையக் காப்பாத்தலாம் எண்டு பாக்க. எழும்பி நிக்கேக்க, சாப்பிட்டு முடிய, பிறஷர் இறங்கேக்க மட்டும் கை கால் உதறுற ஆளுக்கு, அது ஓட்டம் குறைஞ்சதுக்கான அடையாளம், வலிப்பு எண்டு பிழையா விளங்கி மருந்து எடுக்கிற ஆக்களும் இருக்கு. ரெண்டு பக்கமும் அடைச்ச ஆளுக்கும் கேப்பாங்க. ஒப்பரேஷனுக்கு முதலும் சில நேரம் கேப்பாங்க, கன காலம் விரிஞ்சே கிடந்த குழாய்களுக்கு திடீரெண்டு முழு வேகத்தில ரத்தம் போனா சுருங்கத் தெரியாது, கடுமையான தலையிடி, வலிப்பு, ரத்தக் கசிவு கூட வரலாம், அந்த ஆபத்து யாருக்குக் கூட எண்டு முன்கூட்டியே தெரிஞ்சா பிறஷர இறுக்கிப் பிடிச்சு வச்சிருப்பாங்க.

போகேக்க கையில வச்சிருக்க வேண்டியது: அண்மையில எடுத்த கிரியாட்டினின் ரிப்போட் (கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற ரத்தச் சோதினை), சீனிக்கு மெற்போமின் எடுக்கிறாரெண்டா அதச் சொல்லணும், கிட்னி பலவீனமெண்டா கொஞ்ச நாள் நிப்பாட்டச் சொல்லுவாங்க. முந்தி அயடீன் மருந்துக்கு அலேர்ஜி வந்ததா எண்டு, எடுக்கிற மருந்து எல்லாத்தின்ட பேரும். தலை சீ.டி.யின்ட ரிப்போட்டக் காவிட்டுப் போனா காணாது, படங்கள டிஸ்கில போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்க, கொழும்பில இருக்கிற சேர்ஜனுக்குப் பாக்க வேண்டியது படம். எங்க அனுப்புறது, எந்த மெஷின் எங்க எண்டத வார்ட் டொக்டரே ஒழுங்கு செய்வார், நீங்களா ஹபரணை ரோட்டால ஆறேழு மணித்தியாலம் வானில கூட்டிட்டுப் போக வேணாம், வழியில கை விறைச்சா யாரும் பக்கத்தில இல்ல.

மருந்து விசயத்தில ரெண்டு பிழை நம்மட ஆக்கள் செய்யிறது. பயத்தில பிறஷர்க் குளிசைய ரெண்டா விழுங்குறது, அது இந்த நேரத்தில கூடாது, ஓட்டம் ஏற்கனவே விளிம்பில நிக்கிற ஆளுக்குப் பிறஷர் சடாரெண்டு இறங்கினா அந்தக் கடைசி வயலுக்குத் தண்ணி போகாது. மற்றது, சரியாயிட்டு எண்டு அஸ்பிரினையும் கொழுப்புக் குளிசையையும் விடுறது. துண்டு பிஞ்சு போறதத் தடுக்கிறது அந்த ரெண்டும்தான், டொக்டர் சொல்லாம விடக் கூடாது. இந்த ஓகஸ்ட் வெயிலுக்கு அப்பா நல்லாத் தண்ணி குடிக்கட்டும், விரதம் இப்ப வேணாம், சிகரெட் இருந்தா இண்டையோட நிப்பாட்டுங்க.

இடையில திரும்பவும் கையோ வாயோ பேச்சோ போனா, இல்லாட்டி இடக்கண்ணில திரை இறங்கின மாதிரி மறைச்சா, அஞ்சு நிமிசத்தில சரியாப் போனாலும் 1990க்கு எடுங்க, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்ல. தொடங்கின நேரத்த மணிக்கூட்டப் பாத்து எழுதி வையுங்க, வந்த உடன முதல்ல கேக்கிறது அதத்தான்.

வலப்பக்கம் 40 எண்டதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்ல, அதே குளிசைகள்தான் அதுக்கும், வருசத்துக்கு ஒருக்கா டொப்ளர் பாத்தாக் காணும். வார்ட்டுல என்ன சொன்னாங்க எண்டு இரவைக்கு எனக்கு எழுதுங்க தங்கச்சி, டொப்ளர் ரிப்போட்டில வேகம் எவ்வளவு எண்டு எழுதியிருக்கு எண்டதையும் பாத்துச் சொல்லுங்க.